அவளுக்கு மட்டும் தெரிந்த நிறம்

திண்டிவனத்தில், செஞ்சி போகிற சாலையில் எனக்கு ஒரு பெயின்ட் கடை இருக்கிறது. கல்யாணமான புதிதில் என் மனைவி மதியச் சாப்பாட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போய்விடுவாள். மகன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியபின் கல்லாவில் உட்கார ஆரம்பித்தாள். கொஞ்ச நாளில் கல்லாவை என்னிடமே தள்ளிவிட்டு, நிறம் கலக்கும் மெஷின் பக்கம் போனவள்தான், இன்றுவரை அந்த இடத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

இப்போதெல்லாம் பெயின்ட் கடையில் நிறம் கலப்பது பெரிய வித்தை இல்லை. வாடிக்கையாளர் ஷேடு கார்டைப் புரட்டி ஒரு கட்டத்தின் மேல் விரல் வைப்பார். அதன் எண்ணைக் கம்ப்யூட்டரில் தட்டினால், வெள்ளை பெயின்ட் டப்பாவுக்குள் சாயங்கள் சொட்டுச் சொட்டாக விழும். டப்பாவை மூடிக் குலுக்கி எடுத்தால் முடிந்தது. மனிதக் கண்ணுக்கு இதில் வேலையே இல்லை. என் மனைவிக்கு மட்டும் அது போதாது. மூடியைத் திறந்து, சுண்டுவிரலைத் தோய்த்து, ஓர் அட்டையில் தடவிக்கொண்டு வாசலுக்குப் போவாள். வெயிலில் பிடித்துப் பார்ப்பாள். நிழலுக்கு வந்து ஒரு முறை பார்ப்பாள். சரி என்றால் ஒன்றும் சொல்லாமல் மூடியைத் தட்டிப் பொருத்துவாள். சரியில்லை என்றால் கடை முழுக்கக் கேட்கும்.

அவள் பிறந்தது விழுப்புரத்தை அடுத்த காணைப் பக்கம், கரும்பும், மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற நிலக்கடலையும் போடுகிற குடும்பத்தில். வாய் ஓயாது. ஷேடு கார்டோடுகூடச் சண்டை போடுவாள். "இதுக்குப் போயி சந்தனம்னு பேரு வெச்சிருக்கான் பாருங்க. சந்தனத்தை இவன் கண்ணால பாத்திருப்பானா?" என்பாள். நான் அதை அவள் சுபாவம் என்றே நினைத்திருந்தேன். அவள் கண்ணைப் பற்றி யோசிக்கவைத்தது ஒரு சுவர்.

அவள் ஊர்க்காரர் ஒருவர் புது வீடு கட்டி, பெயின்ட் முழுவதையும் என் கடையில்தான் வாங்கினார். குடிபோக ஒரு வாரம்கூட இல்லாத நேரத்தில், கூடத்துச் சுவருக்கு வாங்கிய பெயின்ட் பாதியில் தீர்ந்துவிட்டது. இன்னும் ஒரு வாளி வேண்டும் என்று பெயின்டரோடு வந்து நின்றார். மெஷினில் ஒரு மஞ்சள் சாயம் அன்றைக்குப் பார்த்துத் தீர்ந்துபோயிருந்தது. ஆனால் அதே நிறத்தை வேறு சாயங்களைச் சேர்த்து உண்டாக்கவும் கம்ப்யூட்டரில் வழி இருந்தது. அப்படியே கலந்து கொடுத்தேன். என் மனைவி வழக்கம்போல விரலைத் தோய்த்தாள். பெயின்டர் கையோடு கொண்டுவந்திருந்த பழைய டப்பாவின் அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. இரண்டையும் அட்டையில் பக்கத்தில் பக்கத்தில் தடவிக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

"ஏங்க, இது அது இல்ல."

நான் போய்ப் பார்த்தேன். வீட்டுக்காரரும் பெயின்டரும் என் பின்னாலேயே வந்தார்கள். மூன்று பேரும் குனிந்து அந்த அட்டையைப் பார்த்தோம். இரண்டு விரல் தடங்களும் ஒன்றேபோல இருந்தன. வெண்ணெயில் துளி மஞ்சள் கலந்த மாதிரி ஒரு நிறம்.

"ஒன்னுதாம்மா," என்றேன்.

"இல்லங்க. வேற வேற. இது தூங்கிக்கினு இருக்குது, அது முழிச்சிக்கினு இருக்குது. தெரியல?"

பெயின்டர் சிரித்துவிட்டார். "அண்ணி, தொழிலுக்கு வந்த நாள்லேர்ந்து இதத்தான் பாத்துக்கினு இருக்கேன். ரெண்டும் ஒரே கலருதான். வெயில்ல நின்னா கண்ணு அப்படித்தான் ஏமாத்தும்."

"எங்கண்ணு ஏமாத்தாது. மஞ்சள் சாயம் வந்தப்புறம் அடிச்சுக்குங்க."

வீட்டுக்காரர் கையைப் பிசைந்தார். "தங்கச்சி, பத்திரிகை வெச்சு முடிச்சாச்சு. ஜல்தியா வேலைய முடிக்கலைன்னா பேஜாரா பூடும்."

வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அவள் அட்டையைக் கிழித்துப் போடாமல் மெஷினுக்குப் பின்னால் செருகி வைத்துவிட்டு, அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டாள்.

குடிபோகும் நாளன்று நாங்கள் இருவரும் போயிருந்தோம். விடியுமுன்பே நேரம் குறித்திருந்தார்கள். வெளியே இருட்டு. வீட்டுக்குள் புது எல்.இ.டி. விளக்குகள் எல்லாம் எரிந்தன. பசுமாட்டை உள்ளே ஓட்டிவந்து, ஹோமம் முடிந்து, பால் பொங்கியபோது கூட்டம் கூடத்துக்குள் நகர்ந்தது. அப்போதுதான் நான் அந்தச் சுவரைப் பார்த்தேன். வாசலுக்கு நேர் எதிரே இருந்தது அது. ஒரு பாதி வெண்ணெய் நிறத்தில் இருக்க, மறு பாதி லேசான ரோஸ் ஏறி நின்றது. பெயின்டர் எந்த இடத்தில் பழைய வாளியை முடித்துப் புது வாளியைத் தொட்டார் என்று கோடு போட்ட மாதிரி தெரிந்தது.

"இன்னாப்பா இது, செவுரு ஒட்டுப்போட்ட துணியாட்டம் இருக்குது?" என்று உறவுக்காரர் ஒருவர் கேட்டுவிட்டார். பெயின்டர் என்னைப் பார்த்தார். நான் என் மனைவியைப் பார்த்தேன். அவள் பால் டம்ளரை என் கையில் கொடுக்கிற சாக்கில் அருகில் வந்து, "இப்ப எல்லாருக்கும் தெரியுதா?" என்று மட்டும் கேட்டாள்.

நான் அதிசயப்பட்டது அதற்கு அப்புறம்தான். பொழுது விடிந்து, சாப்பாட்டுப் பந்தி முடிந்து, விளக்குகளை அணைத்துவிட்டு ஜன்னல்களைத் திறந்தார்கள். வெயில் உள்ளே வந்ததும் சுவர் பழையபடி ஒரே நிறமாகிவிட்டது. வீட்டுக்காரர் சுவரில் கை வைத்துத் தடவிப் பார்த்தார்.

"வெளக்கு போட்டா தெரியுது, வெளிச்சம் வந்தா மறைஞ்சிடுது. இன்னா மாயம் இது?"

"மறையலைண்ணே," என்றாள் என் மனைவி. "எனக்கு இப்பவும் தெரியுது." சொல்லிவிட்டு, அந்தக் கோடு போகிற வழியை விரலால் காட்டிக்கொண்டே சுவரோரமாக நடந்தாள். விளக்கு வெளிச்சத்தில் நான் பார்த்த அதே கோடு. எங்கள் யார் கண்ணுக்கும் இப்போது இல்லாத கோடு. 

ஒரே நிறத்தை வேறு வேறு சாயத்தில் உண்டாக்கினால், வெளிச்சம் மாறும்போது சில சமயம் பிரிந்து தெரியுமாம். மஞ்சள் சாயம் வந்ததும் அந்தச் சுவரை மறுபடி அடித்துக் கொடுத்தோம். அதற்குப் பிறகு அந்தப் பெயின்டர் எந்த டப்பாவை எடுத்தாலும், "அண்ணி பாத்துட்டாங்களா?" என்று கேட்காமல் வண்டியில் ஏற்றமாட்டார்.

எனக்கோ அவளைச் சோதித்துப் பார்க்கும் பைத்தியம் பிடித்துக்கொண்டது. ஒரே நிறத்தை இரண்டு விதமாகக் கலந்து அட்டையில் தடவி, பின்பக்கம் அடையாளம் வைத்து நீட்டுவேன். ஒவ்வொரு முறையும் சரியாகச் சொன்னாள். வித்தியாசம் எப்படி இருக்கிறது என்று கேட்டால்தான் திணறுவாள். "கொழம்புல உப்பு கம்மின்னு சொல்ல முடியுது. உப்பு எப்படி இருக்கும்னு கேட்டா இன்னா சொல்றது? இதுக்கெல்லாம் பேரு இல்லங்க." கிளிப்பச்சை, பாசிப்பச்சை, மயில்கழுத்து, வாடாமல்லி என்று நமக்கு எத்தனையோ பெயர்கள் இருக்கின்றன. அவளுக்கு அவை போதவில்லை. ஒரு நாள் நான் இன்னோர் அட்டையை நீட்டியபோது, "என்னை இன்னா சர்க்கஸ்ல சேக்கப்போறீங்களா?" என்று பிடுங்கிக் குப்பையில் போட்டாள். அத்தோடு என் பரிசோதனை முடிந்தது.

எங்களுக்கு ஒரே மகன். சின்ன வயதிலிருந்தே ரயில் பைத்தியம். விழுப்புரத்தில் டிப்ளமோ படித்தபோது தினமும் ரயிலில்தான் போய்வந்தான். பாசஞ்சர் வண்டி லேட்டானால் மற்றப் பிள்ளைகள் சலித்துக்கொள்வார்கள். இவன் ஜங்ஷனில் நின்று எஞ்சின் மாற்றுவதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பான். படிப்பு முடிந்ததும் எஞ்சின் டிரைவருக்கு உதவியாளர் வேலைக்குத் தேர்வு எழுதினான். தேறினான். வீட்டில் அன்று கேசரி. மிச்சம் இருந்தது மருத்துவப் பரிசோதனை ஒன்றுதான். ஆரோக்கியமான பையன், கண்ணாடி போட்டதில்லை. கவலைப்பட எங்களுக்கு ஒன்றும் இல்லை.

சென்னையில் பரிசோதனைக்கு நானும் கூடப் போயிருந்தேன். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். போனவன் வெளியே வந்தபோது அவன் முகத்தில் இருந்தது வருத்தம் இல்லை, குழப்பம்.

"ப்பா, ஒரு புக்குல கலர் கலரா புள்ளி வெச்சிருக்காங்க. அதுல நம்பர் இருக்குதாம். எனக்கு எந்த பக்கத்துலயும் நம்பரே இல்லப்பா. வெறும் புள்ளிதான் இருந்துச்சு."

சிவப்புக்கும் பச்சைக்கும் அவன் கண்ணில் வித்தியாசம் சரியாக விழவில்லை என்று உள்ளே சொல்லியிருக்கிறார்கள். பிறவியிலேயே அப்படித்தானாம். எஞ்சினில் ஏற முடியாது.

எழும்பூரில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தோம்.  செங்கல்பட்டு தாண்டியதும் அவனே வெளியே ஒரு சிக்னலைக் காட்டி, "எனக்கு அது மேல எரியுதா கீழ எரியுதான்னுதான்பா தெரியும். எல்லாருக்கும் அப்படித்தான்னு நெனச்சிக்கினு இருந்தேன்," என்றான். நான் கேட்கக் கேட்க ஒவ்வொன்றாகச் சொன்னான். தக்காளி பழுத்ததா என்று அமுக்கிப் பார்த்துத் தெரிந்துகொள்வானாம். அம்மாவின் புடவைகளைக் கரையை வைத்து அடையாளம் வைத்திருக்கிறானாம். வகுப்பில் வரைபடத்துக்கு நிறம் தீட்டும்போது பென்சில் மேல் எழுதியிருப்பதைப் படித்துத்தான் எடுப்பானாம். கடையில் டப்பா எடுக்கச் சொன்னால் எண்ணைப் படித்து ஒரு முறைக்கு இரு முறை சரிபார்த்து எடுப்பான். கவனமான பிள்ளை என்று நான் பலரிடம் பெருமையடித்திருக்கிறேன். கவனம் உண்மைதான். ஆனால் நாங்கள் எல்லோரும் ஒரு பார்வையில் தாண்டிப்போகிற உலகத்தில், இந்தப் பிள்ளை ஒவ்வொரு பொருளையும் கேட்டும் தொட்டும் படித்தும் தெரிந்துகொண்டிருக்கிறான், அதுவும் தனக்கு ஒன்று குறைகிறது என்றே தெரியாமல். மதுராந்தகம் ஏரி ஜன்னலில் வந்து போனபோது, வேலை போன துக்கத்தை மீறி எனக்கு அவன் மேல் பெரிய மதிப்பு உண்டாகியிருந்தது.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் என் மனைவி அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அவனை உட்காரவைத்துச் சோறு போட்டாள். அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை பொறுத்திருந்தாள். பிறகு, "செரி, ஒனக்கு இன்னா தெரியுது? அதச் சொல்லு," என்றாள்.

மறுவாரம் விழுப்புரத்தில் ஒரு கண் மருத்துவரிடம் போனோம். வயதில் சின்னவர், பொறுமையாகப் பேசினார். ஒரு தாளில் படம் போட்டு விளக்கினார். இது தாய் வழியாக மகனுக்கு வருவது. தாய்க்கு அவள் அப்பாவிடமிருந்து வந்திருக்கலாம்.

என் மனைவி நிமிர்ந்தாள். "எங்கப்பா மொளகா பறிக்கத் தனியா போவவே மாட்டாரு டாக்டர். 'நீ வாம்மா, எது பழம்னு நீ சொல்லு'ம்பாரு. செல்லத்துக்குக் கூப்புடுறாருன்னு நெனச்சிக்கினு இருந்தேன்." மகனைத் திரும்பிப் பார்த்து, "அப்போ என்னாலதான் எம்புள்ளைக்கு வேல போச்சா?" என்றாள்.

மகன் குறுக்கிட்டான். "ம்மா, வுடு. ஒங்கிட்டேர்ந்து மூக்கும்தான் வந்திருக்குது. அத யாரு கேட்டா?"

மருத்துவர் சிரித்தார். நான் அந்தச் சுவர் கதையைச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். நிறம் பிரித்துப் பார்க்க நம் கண்ணில் மூன்று வகை உணர்விகள் இருக்கின்றன. இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பெற்ற அம்மாக்களில் சிலருக்கு நான்காவதாக ஒன்று இருக்கக்கூடும் என்று படித்திருப்பதாகச் சொன்னார். "உங்களுக்கு இருக்கான்னு என்னால சொல்ல முடியாதும்மா. அதுக்கு இங்க டெஸ்ட் இல்ல. சின்ன வயசுலேர்ந்து அப்பாவுக்காகப் பாத்துப் பாத்து பழகின கண்ணாவும் இருக்கலாம்."

"அது எதுவா வேணா இருக்கட்டும். என் கண்ணு எங்கயும் ஓடிப்போவாது," என்றாள் அவள். "எம்புள்ளையப் பத்தி சொல்லுங்க. அவனுக்குத் தெரியாத கலரு ஒன்னு இருக்குதுன்னு அவனால உள்ளுக்குள்ள உணர முடியுமா?"

மருத்துவர் என் மகனைக் காட்டி, "அதை நீங்க அவரைத்தான் கேக்கணும்," என்றார்.

அவள் கேட்காமல் விடுகிற ஆளா? அந்த வாரக் கடைசியில், கடையில் ஆள் ஓய்ந்த சாயங்கால நேரம், பழைய ஷேடு கார்டு ஒன்றைக் கட்டம் கட்டமாக வெட்டி மேசைமேல் கொட்டினாள். ஒரே மாதிரி இருப்பதையெல்லாம் சேர்த்து வை என்று மகனிடம் சொன்னாள். அவன் விரைவாகவே அடுக்கினான். இலைப்பச்சைக்குப் பக்கத்தில் மரக்கட்டை நிறத்தை வைத்தான். ஒரு ரோஸைச் சாம்பல் நிறங்களோடு சேர்த்தான்.  பச்சை எங்கே, மரக்கட்டை எங்கே! "இன்னாடா இது, நல்லா பாரு," என்று சொல்லிவிட்டேன்.

அவள் கையமர்த்தினாள். "நீங்க அடுக்குங்க இப்போ."

நான் அடுக்கினேன். ரோஸை வெளியே எடுத்தேன். பச்சையைப் பச்சையோடு சேர்த்தேன். கடைசியில் சாம்பல் நிறக் கட்டங்கள் ஒரு கொத்து மிஞ்சியது. எல்லாம் ஒன்றே என்று மொத்தமாக வைத்தேன். அவள் அந்தக் கொத்தை எடுத்தாள். சீட்டுக்கட்டு பிரிப்பது போலச் சட்டென்று இரண்டாகப் பிரித்து, இந்தப் பக்கம் கொஞ்சமும் அந்தப் பக்கம் கொஞ்சமுமாக வைத்தாள். "இதுவும் அதுவும் சேராது," என்றாள், பச்சையும் மரக்கட்டையும் சேராது என்று நான் நினைத்த அதே உறுதியோடு.

நான் கட்டங்களைக் கண்ணருகே கொண்டுபோனேன். வெளிச்சத்துக்குத் திருப்பினேன். ஒன்றுமில்லை. எல்லாம் ஒரே சாம்பல்.

மகன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தவன், மெல்லச் சிரிக்க ஆரம்பித்தான். "அப்போ நீங்களும் ஃபெயில்தாம்பா."

நானும் சிரித்தேன். எத்தனையோ நாளுக்குப் பிறகு எங்கள் கடையில் அவன் அப்படிச் சிரித்தான்.

அந்தச் சாயங்காலம் எனக்கு ஒன்று புரிந்தது. தெரியாத நிறம் என்றால் அந்த இடத்தில் ஓர் ஓட்டை இருக்கும், ஒரு கறுப்பு இருக்கும் என்று நான் நினைத்திருந்தேன். மகனின் உலகத்தில் ஆங்காங்கே ஏதோ அழிந்துபோயிருக்கும் என்று எண்ணி உள்ளூர அழுதுகொண்டிருந்தேன். ஆனால் அவள் இரண்டாகப் பிரித்த சாம்பல் என் கண்ணுக்கு முழுசாக, நிறைவாக இருந்தது. எதுவும் குறையவில்லை. அவள் வாய்விட்டுச் சொல்லாவிட்டால் அங்கே இன்னொன்று இருக்கிறது என்று சாகும்வரை எனக்குத் தெரிந்திருக்காது. என் மகனின் மரக்கட்டையும் பச்சையும் அவனுக்கு அப்படித்தான். ஆனாலும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. கண்ணில் நீர் வரும்வரை உற்றுப் பார்த்தேன். ஒரு கட்டத்தில் ஏதோ தட்டுப்பட்டது போலிருந்தது. "இது ரெண்டும் வேற, சரியா?" என்று உற்சாகமாகக் காட்டினேன். "அது ரெண்டும் ஒன்னுதாங்க," என்றாள்.

பிறகு மகன் பக்கம் திரும்பி, கேட்க வேண்டும் என்று வைத்திருந்ததைக் கேட்டாள். "செவப்புன்னு நாங்க சொல்றோமே, ஒனக்கு உள்ள இன்னாடா தோணும்?"

அவன் கட்டங்களை விரலால் நகர்த்திக்கொண்டிருந்தான்.

"கலருன்னு ஒன்னும் தோணாதும்மா. ஆனா நீங்கள்லாம் அதச் சொல்லும்போது குரலு மாறும். அம்மன் பொடவ செவப்பு, கூரைப் பொடவ செவப்பு, ரத்தம் செவப்புன்னு சொல்லும்போது பாத்திருக்கியா? கொஞ்சம் தடிச்ச மாதிரி, கிட்ட வந்து சொல்ற மாதிரி. பச்சைன்னு சொல்லும்போது அது வராது. அந்தக் குரலுதான் எனக்கு செவப்பு. அது எனக்கு ரொம்பப் புடிக்கும்."

என் மனைவி அவன் தலையில் கை வைத்து முடியைக் கலைத்துவிட்டாள். நான் கடையின் ஷட்டரை இறக்கப் போகிற மாதிரி எழுந்து வாசல் பக்கம் போய்விட்டேன்.

அதோடு அவன் ரயிலை விட்டுவிடவில்லை. கண் பரிசோதனை அவ்வளவு கண்டிப்பாக இல்லாத வேலைகளுக்கு மறுபடி எழுதினான். ஒரு முறை தவறி, அடுத்த முறை கிடைத்தது. இப்போது வெளியூர் ஸ்டேஷன் ஒன்றில் டிக்கெட் கவுன்ட்டரில் இருக்கிறான். வேலை முடிந்தால் பிளாட்பாரத்தின் கோடிவரை நடந்துபோய் எஞ்சினைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புகிறானாம். டிரைவர்கள் சிலர் பழக்கமாகிவிட்டார்கள். எஞ்சினைப் பற்றிப் பேசினால் அவர்களுக்குச் சமமாகப் பேசுகிறான். ஓட்ட முடியவில்லையே என்று ஒரு நாளும் அவன் எங்களிடம் சொன்னதில்லை. மனசில் இருக்கும். வைத்துக்கொண்டு நடக்கத் தெரிந்திருக்கிறது.

இடையில் அவன் நண்பர்கள் சேர்ந்து ஒரு கண்ணாடி வரவழைத்துக் கொடுத்தார்கள். அதைப் போட்டால் இவனைப் போன்றவர்களுக்கு நிறங்கள் தெரியும் என்று வீடியோக்களில் வருகிறதாம். போட்டவுடன் தேம்பி அழுகிறார்களாம். ஞாயிற்றுக்கிழமை நண்பர்கள் வந்து சுற்றி நின்றார்கள். ஒருவன் செல்போனில் படம் பிடிக்கத் தயாராக இருந்தான். இவன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசலில் இருந்த செம்பருத்தியைப் பார்த்தான். தெருவைப் பார்த்தான். எங்களைப் பார்த்தான்.

"இன்னாடா, தெரியுதா?"

"கொஞ்சம் இருட்டா இருக்குது. ரெண்டு மூணு எடத்துல முன்ன இல்லாத மாதிரி அழுத்தமா இருக்குது. செவப்புன்னு புதுசா ஒன்னு வரலடா," என்றான். பொய்யாக அழுது காட்டியிருக்கலாம். நண்பர்கள் மனம் குளிர்ந்திருக்கும். அவன் கண்ணாடியைத் துடைத்து, நன்றி சொல்லி, பத்திரமாக உறையில் வைத்தான். என் மனைவி அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒங்கப்பாவுக்கு ஒன்னு கெடைக்குமான்னு பாரு. அவரும் எத்தினி நாளைக்குத்தான் கஷ்டப்படுவாரு," என்றாள். எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

போன வருஷம் எங்கள் வீட்டுக்கு வெள்ளையடிக்கும் முறை வந்தது. கூடத்துச் சுவருக்கு எந்த நிறம் என்று கேட்டேன். "நான் பாத்துக்குறேன்," என்றாள். ஷேடு கார்டைத் தொடவில்லை. கம்ப்யூட்டரைத் தொடவில்லை. மதியம் ஆள் குறைந்த நேரங்களில் ஒரு சின்ன டப்பாவை வைத்துக்கொண்டு, சாயங்களைக் குச்சி நுனியில் எடுத்துச் சேர்த்துக்கொண்டே இருந்தாள். தடவுவாள், காயவிடுவாள், வாசலுக்குப் போவாள், உதட்டைப் பிதுக்குவாள். மறுநாள் புதிதாகத் தொடங்குவாள். எதைத் தேடுகிறாள் என்று கேட்டதற்கு, "சின்ன வயசுல கரும்புக் கொல்லை ஓரமா மழைக்கு முந்தி ஒரு வெளிச்சம் வரும். அத எந்த கார்டுலயும் நான் பாத்ததில்ல," என்றாள். வாரக்கணக்கில் இது நடந்தது. ஒரு மதியம் கடைக்குள் ஓடிவந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. "வந்துடுச்சுங்க!"

அட்டையை வாங்கிப் பார்த்தேன். வெளிர் சாம்பல். கடையில் அதைப் போன்ற சாம்பல் எத்தனையோ இருக்கின்றன.

பெயின்டர் வந்து அதையே சுவருக்கு அடித்துக் கொடுத்தார். அடிக்கும்போது அவரும் அடிக்கடி தள்ளி நின்று பார்த்தார். "அண்ணி சொன்னா ஏதோ இருக்கும். நமக்குத்தான் எட்டல," என்று என்னிடம் ரகசியமாகச் சொன்னார். வீட்டுக்கு வருகிறவர்கள், "சாம்பல் கலரு அடக்கமா நல்லா இருக்குது," என்று சொல்லிவிட்டுக் காபி குடித்துப் போகிறார்கள். அவள் திருத்துவதில்லை. சாயங்காலம் கடையிலிருந்து வந்ததும் டீயை எடுத்துக்கொண்டு அந்தச் சுவருக்கு எதிரே உட்காருகிறாள். மேற்கு ஜன்னல் வழியாக வெயில் சரிந்து சுவரில் ஏறும்போது அவள் முகம் மெல்ல மாறுகிறது. கண்கள் அகலமாகின்றன. வாய் லேசாகத் திறக்கிறது. கையில் டீ ஆறிப்போகிறது. சுவரில் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஏதோ நடக்கிறது என்பது மட்டும் நிச்சயம். நான் இப்போதெல்லாம் சுவரைப் பார்க்க முயற்சி செய்வதில்லை. அவள் முகத்தைப் பார்க்கிறேன். அந்த நிறத்துக்கு நான் போகக்கூடிய மிகக் கிட்டத்து வழி அதுதான்.

பொங்கலுக்கு மகன் லீவில் வந்திருந்தான். பையைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தான். தலையைச் சாய்த்து இப்படியும் அப்படியும் பார்த்தான்.

"சாம்பலாம்மா?" என்றான்.

"ஒங்கப்பாவும் அதத்தான் சொல்றாரு."

அவன் என்னைப் பார்த்தான். அவளுக்கு வேறொரு நிறமாக இருக்கிற சுவர், எங்கள் இருவருக்கும் ஒரே சாம்பலாகத்தான் இருந்தது. வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். அவள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ரெண்டு பேருக்குமே குடுத்து வெக்கல," என்று சொல்லிவிட்டு, எங்களுக்கும் டீ போட எழுந்து போனாள்.